குமித்து அளந்த வெளிச்சம்

1

போன வாரம் ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து எனக்கு ஒரு ஃபாரம் வந்தது. பழைய வேலைக்காரர்கள் எல்லாரும் தங்கள் விவரத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தத் தை மாதத்தோடு பதினெட்டு வருடம். அதில் பன்னிரண்டு வருடம் பினாங்கின் இந்த எக்ஸ்ரே அறையில் போயிருக்கிறது.

பிறந்த ஊர் என்ற இடத்தில் 'கொல்லிமலை, வாசலூர்ப்பட்டி' என்று எழுதினேன். ஆபீஸ் குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு ஒரு கோடு இழுத்து 'மெட்ராஸ்' என்று திருத்தினார். மெட்ராஸை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றேன். "கப்பல் காகிதத்தில் அப்படித்தான் இருக்கு, பெரியண்ணன். உங்க பக்கத்து ஆள் எல்லாருமே மெட்ராஸ்தான்" என்றார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த இடத்தில்தான் தகராறு. வேலை என்ற இடத்தில் பழைய காகிதத்தில் 'கூலி' என்று இருந்தது. அதை மாற்றியே ஆகவேண்டும் என்று நின்றேன். அப்படியானால் என்ன வேலை செய்கிறாய் என்று ஒரே வார்த்தையில் சொல் என்றார்.

"அளக்கிறேன்" என்றேன்.

"என்னத்தை, அரிசியையா?"

"நோயாளி மேல விழுகிற எக்ஸ்ரேயை."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வெளிச்சத்தை யாராவது அளப்பார்களா என்பது அவர் கேள்வி. ஊரில் இதை வாசிப்பவர்களுக்கும் அதே கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். இந்தத் தீவில் என்னைவிடச் சிக்கனமாக ஒரு மார்ப் படம் எடுக்கிறவர் இருந்தால் காட்டுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கற்றுக்கொள்வதற்குள் என் ஊர்ப் பெண் ஒருத்தியின் முதுகைச் சிவக்க வைத்தவன் நான் என்பதையும் மறைக்கப் போவதில்லை.

2

எக்ஸ்ரே என்பது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து புறப்பட்டு, உடம்புக்குள் புகுந்து, மறுபக்கம் இருக்கும் பிலிமில் விழுகிறது. எலும்பு இருக்கும் இடம் வெளுப்பாகவும் காற்று இருக்கும் இடம் கறுப்பாகவும் பதியும். டாக்டருக்கு வேண்டியது அந்தப் படம். ஆனால் போகிற வழியில் அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு தோலிலும் சதையிலும் தங்கிவிடுகிறது. கொஞ்சமாக இருந்தால் ஒன்றும் தெரியாது. ஒரே இடத்தில் மேலும் மேலும் விழுந்தால் தோல் சிவக்கும், உரியும், கடைசியில் ஆறாத புண்ணாகும். எனக்கு முன்னால் இந்த அறையைப் பார்த்துக்கொண்ட சீனக்காரர் இரண்டு விரல்களை அப்படித்தான் இழந்தார்.

ஆகவே படம் தெளிவாக விழ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நொடி கொடுத்தாலும் அது நோயாளி தலையில் கட்டிய வீண் சுமை. நோயாளி அசைந்துவிட்டால் படம் கலங்கிவிடும்; மறுபடி எடுக்க வேண்டும்; அவர் உடம்புக்கு இரண்டு பங்கு போய்விடும். அதனால் மூச்சை அடக்கச் சொல்வதுதான் இந்தத் தொழிலில் பாதி.

வந்த புதிதில் மலாய் மொழியில் 'மூச்சு விடாதீர்கள்' என்பதை மட்டும் மனப்பாடம் பண்ணியிருந்தேன். 'இனி விடலாம்' என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. ஒரு மலாய்ப் பெரியவரை நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, பிலிமோடு இருட்டறை வாசல் வரை போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் கத்தரிக்காய் நிறத்தில் நிற்கிறார். ஓடி வந்து, நானே பெரிதாக மூச்சு விட்டுக் காட்டினேன். இப்போது ஐந்து பாஷையில் அடக்கவும் விடவும் சொல்வேன். "அப்பாவுக்கு ஐந்து பாஷை தெரியும், ஒவ்வொன்றிலும் ரெண்டு வாக்கியம்" என்று என் மகன் தங்கவேல் கேலி செய்வான்.

அவன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். நான் தமிழில் கேட்டால் பதில் இங்கிலீஷில் வரும். இங்கே ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சிக்கு ரயில் ஏறுகிறது. உங்கள் கொல்லிமலைக்கு என்ன ரயில் என்று ஒருமுறை கேட்டான். இரண்டு கால் ரயில், அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் ஏறினால் வழியில் எங்கும் நிற்காது என்றேன். அவன் அதை நம்பி, டிக்கெட் எவ்வளவு என்று கேட்டான். அன்று வெகுநேரம் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

3

எங்கள் மலையில் சாமையை வள்ளம் என்கிற அளவுப் படியில் அளப்போம். அளப்பதில் இரண்டு விதம் உண்டு. சந்தையில் வியாபாரிக்கு அளந்தால், வள்ளத்தின் வாயில் ஒரு குச்சியை வைத்து இழுத்துச் சமப்படுத்துவோம். அதுதான் தலை தட்டுவது. உறவுக்காரருக்கு விதைக்குக் கொடுக்கும்போது குச்சியைத் தொடவே கூடாது. தானியம் குமிந்து, இன்னும் ஒரு பிடி போட்டால் சரிந்துவிடும் என்கிற வரைக்கும் போட வேண்டும். உறவுக்குத் தலை தட்டிக் கொடுத்தால், உன்னை வெளியாளாக வைத்துவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அப்படிக் கொடுத்து, கல்யாணங் காட்சிக்குக்கூடப் போக்குவரத்து இல்லாமல் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

முள்ளுக்குறிச்சியில் எங்களிடம் மிளகு வாங்கிய ராவுத்தருக்குப் பினாங்கில் ஒரு தம்பி இருந்தார். தம்பியின் கடையில் அரிசி அளக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பி வைத்தார். ஆறு வருடம் அங்கே அளந்தேன். அந்தக் கடை அரிசிதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். மூட்டையை இறக்கப் போனபோது, நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைக்க எக்ஸ்ரே அறைக்குப் பலசாலி ஒருவன் தேவை என்று கேள்விப்பட்டு இங்கே வந்து ஒட்டிக்கொண்டேன். சீனக்காரர் விலகிய பிறகு சுவிட்சு என் கைக்கு வந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் ரப்பர் தோட்டத்து லாரியில் காச நோயாளிகள் சிலரைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பெண்ணைப் பிலிம் தட்டில் மார்பு படும்படி நிறுத்தி, மூச்சை அடக்கச் சொன்னேன்.

"ஏனுங், எம்புட்டு நேரமுங்க அடக்கோணும்?" என்றாள்.

என் கை சுவிட்சின் மேலேயே நின்றுவிட்டது. அந்தப் பேச்சைக் காதில் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது.

"எந்த ஊரு ஆத்தா நீ?"

"கொல்லிமலைல தேவனூர் நாடுங்க. பேரு நல்லம்மா."

"நான் வாசலூர்ப்பட்டி."

"அட சாமி" என்றாள். "அப்ப நீங்க எனக்கு அண்ணனுங்க."

நல்லம்மாவுக்கு இடது நுரையீரல் கெட்டிருந்தது. எங்கள் வெள்ளைக்கார டாக்டர் துரை அதற்கு ஊசி வழியாக மார்புக்குள் காற்று ஏற்றுவார். நுரையீரல் சுருங்கி, வேலை செய்யாமல் ஓய்ந்து கிடந்தால் புண் ஆறும் என்பது கணக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அவளை எக்ஸ்ரேக் குழாய்க்கும் ஒரு மினுங்கும் திரைக்கும் நடுவே நிறுத்தி, நுரையீரல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று துரை நேரில் பார்ப்பார். நடுநடுவே பிலிமும் எடுப்போம். இது ஒரு வருடத்துக்கு மேல் நடக்க வேண்டிய வைத்தியம். நடுவில் நின்றுபோனால் துரை 'வேலைக்குத் தகுதியில்லை' என்று எழுதிவிடுவார். அப்படி எழுதினால் தோட்டத்தில் அவளைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மலையில் யார் அவளுக்குக் காற்று ஏற்றுவது? அவள் புருஷன் வெள்ளையன் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு மைல் நடந்து வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என்ன செஞ்சாச்சும் கப்பல்ல மட்டும் ஏத்த உட்றாதீங்க மச்சான்."

நான் என்ன டாக்டரா? என் கையில் இருந்தது சுவிட்சு ஒன்றுதான். அவளுக்குப் படம் எடுக்கும்போது நேரத்தை ஒரு கோடு கூட்டி வைத்தேன். திரையில் பார்க்கும்போது, துரை கேட்பதற்கு முன்னாலேயே வெளிச்சத்தைக் கூட்டும் கைப்பிடியை ஒரு கோடு ஏற்றி வைத்தேன். நிறைய வெளிச்சம் போனால் நன்றாகத் தெரியும், நன்றாகத் தெரிந்தால் நன்றாக வைத்தியம் பார்ப்பார் என்பது என் கணக்கு. கூடக் கொடுத்த பிலிம், இருட்டறையில் படத்தைக் கழுவும் மருந்துத் தொட்டியில் சீக்கிரம் கறுத்துவிடும். சிவப்பு விளக்கில் பார்த்துக்கொண்டே நின்று, முன்னதாக வெளியே எடுத்துவிடுவேன். படம் ஒப்பேறிவிடும். கூடக் கொடுத்தது எங்கும் தெரியாது. இதை நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் ஊர்ப் பெண், என்னை அண்ணன் என்கிறவள். அவளுக்குப் போய்த் தலை தட்ட என் கைக்கு வரவில்லை.

அப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது.

4

பிறகு கனகசபை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சிங்கப்பூரில் எக்ஸ்ரே அளவு பார்க்கும் வேலை. ஒரு பெட்டியோடு வந்து ஒரு வாரம் தங்கினார். விரல் நுனி அளவில் ஒரு குமிழ். அதை நோயாளியின் தோல் மேல் வெளிச்சம் புகும் இடத்தில் ஒட்டி வைப்பார். அதிலிருந்து ஒரு கம்பி பெட்டிக்குப் போகும். நான் சுவிட்சைப் போட்டால் பெட்டியில் ஒரு முள் நகரும். எத்தனையாவது கோட்டில் நிற்கிறதோ அத்தனை வெளிச்சம் தோலில் விழுந்திருக்கிறது.

"நீர் உம்முடைய வழக்கப்படி செய்யும். நான் வாசிக்கிறன், நீர் எழுதும்" என்றார்.

ஒரு வாரம் எழுதினேன். கடைசி நாள் அவர் காகிதத்தை மேசையில் விரித்து, இரண்டு பெயர்களின் மேல் விரலை வைத்தார்.

"இந்தச் சீனப் பிள்ளையும் நல்லம்மாவும் ஒரே பருமன். ஒரே படம். சீனப் பிள்ளைக்கு முள்ளு நாலிலே நிக்குது. நல்லம்மாவுக்கு ஏழு. ஏன்?"

"பெட்டி பழுதுங்க" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கை சுத்தமான ஆள் என்று பெயர் வாங்கியவன் நான்.

அவர் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, நோயாளி நிற்கும் இடத்தில் வைத்து, குமிழை அதன் மேல் ஒட்டினார். நேரத்தைத் தானே வைத்தார். என்னை நான்கு முறை சுவிட்சைப் போடச் சொன்னார். நான்கு முறையும் முள் ஒரே கோட்டில் நின்றது.

"பெட்டியும் சரி, மெஷினும் சரி" என்றார். பிறகு வாளியைப் பார்த்தார். "இந்த வாளி உம்முடைய ஊர் இல்லைப் போல."

அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? வள்ளம், சாமை, குச்சி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"சாமை கூடினால் வயிறு நிறையும், பெரியண்ணன். இது கூடினால் தோல் எரியும். அவவின்ர முதுகை ஆரும் பாத்தவையோ?"

யாரும் பார்த்திருக்கவில்லை. நர்ஸ் அவளைத் துணித் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய்ப் பார்த்தாள். இடது தோள்பட்டைக்குக் கீழே, குழாயைப் பார்த்து நிற்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது. நல்லம்மா அதை வேர்க்குரு என்று நினைத்து ஒரு மாதமாகச் சொரிந்துகொண்டிருந்தாளாம்.

துரையைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் நல்ல மனிதர், ஆனால் மழுப்பத் தெரியாதவர். தோல் உடைந்தால் இனி அவளைத் திரையில் பார்க்க முடியாது என்றார். பார்க்காமல் காற்று ஏற்றினால் ஆபத்து. இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை பார்ப்போம், அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்துத் தோல் ஆறியிருந்தால் வைத்தியம் தொடரும், ஆறாவிட்டால் வேறு வழியில்லை, தகுதியில்லை என்று எழுத வேண்டியதுதான் என்றார்.

கப்பலில் ஏற்ற வேண்டாம் என்று என்னிடம் கேட்டார்கள். ஏற்றுவதற்கான காரணத்தை என் கையாலேயே உண்டாக்கி வைத்திருந்தேன்.

5

மறுநாள் காலை நல்லம்மாவின் கட்டிலுக்குப் போய், நான்தான் கூடக் கொடுத்தேன் என்று சொன்னேன்.

"கூடக் குடுத்தா நல்லதுதானுங்களே?"

"இதுல நல்லதில்ல ஆத்தா. இது சுடும்."

"அரிச்சப்பவே கேக்கோணும்னு இருந்தேனுங்க. அண்ணன் கை தப்புப் பண்ணாதுன்னு உட்டுட்டேன்" என்றாள். அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் எழுந்து போகும்போது கூப்பிட்டாள். "இனி எனக்குத் தலை தட்டியே குடுங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

சரி, அழுதுகொண்டிருந்தால் தோல் ஆறிவிடுமா? கனகசபை இன்னும் மூன்று நாள் தங்கச் சம்மதித்தார். கடைவீதிப் பாத்திரக்காரரிடம் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்று வாங்கி, வட்டமாக வெட்டி, குழாயின் வாயில் பொருத்தினோம். தோலிலேயே தங்கிவிடும் உதவாத வெளிச்சத்தை அது முன்னாலேயே தடுத்துவிடும். படத்துக்கு வேண்டியது மட்டும் போகும். நுரையீரல் அளவுக்கு மேல் வெளிச்சம் பரவாமல் ஈயத் தகடுகளால் வாயைக் குறுக்கினோம். மருந்துத் தொட்டிக்கு ஐஸ் வாங்கி, ஒரு சூட்டில் வைத்து, கடிகாரம் பார்த்துப் பிலிமை எடுக்கப் பழகினேன். கண்ணால் பார்த்து முன்னதாக எடுக்கும் வித்தையை அன்றோடு விட்டேன். அந்த வித்தைதானே என் தப்பை எனக்கே தெரியாமல் மூடி வைத்திருந்தது! அவள் பருமனே உள்ள மற்ற நோயாளிகளுக்கு நேரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். ஏழில் நின்ற முள் கடைசியில் இரண்டுக்கும் கீழே வந்தது. படமோ முன்பைவிடத் தெளிவாக விழுந்தது. அந்தப் பிலிமை ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, எனக்கு உண்மையிலேயே ஆடத் தோன்றியது.

ஆளுக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டும் போட்டேன். யாருக்கு, என்றைக்கு, எவ்வளவு. தலைப்புகளை இங்கிலீஷில் எழுதித் தரும்படி தங்கவேலைக் கேட்டேன். எழுதிக்கொண்டே வந்தவன் முதல் பெயரில் நின்றான்.

"யாரப்பா இந்த நல்லம்மா?"

"உனக்கு அத்தை."

"உங்கள் கூடப் பிறந்தவரா?"

"இல்லை. தேவனூர் நாடு."

அது எப்படி அத்தை ஆகும் என்று அவனுக்குப் புரியவில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரி வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அவள் கட்டிலருகே இரண்டு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டான்.

கிளம்பும்போது கனகசபை சொன்னார். "ஒண்டை மட்டும் என்னால் மாத்த முடியேல்லை. டாக்டரின்ர கண்." வெயிலில் வராந்தாவில் நடந்து வருகிறவர் கண்ணுக்கு இருட்டறையில் அந்தத் திரை தெரியாது. தெரியாததால் இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்பார். இருபது நிமிடம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிவிட்டால் பாதி வெளிச்சமே போதும். "ஆனால் எந்த டாக்டர் இருப்பார்? உமக்குத் துணிவிருந்தால் சொல்லிப் பாரும்" என்றார்.

6

துரை சொன்ன இரண்டு வாரம் முடிந்து அந்த நாள் வந்தது. காலை பத்து மணி. நல்லம்மாவைக் குழாய்க்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டேன். துரை வேகமாக உள்ளே வந்தார்.

"போடு" என்றார்.

நான் போடவில்லை.

"சார், உட்காருங்கள். இருபது நிமிடம்" என்றேன். 'தயவுசெய்து' என்பதற்கான இங்கிலீஷ் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"என்ன சொன்னாய்?"

"உங்கள் கண்ணுக்கு இருட்டுப் பழகவில்லை. இப்போதே பார்த்தால் இரண்டு பங்கு போட வேண்டும். அவள் முதுகு தாங்காது. போட்டே ஆகவேண்டும் என்றால் நீங்களே போடுங்கள், சார். நான் போட மாட்டேன்."

ஒன்பது பத்து வருட வேலை அந்த நிமிடத்தோடு சரி என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோகவில்லை. சரியான அளவு எது என்று அந்த அறையில் அப்போது எனக்குத்தான் தெரியும். இருட்டில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு முக்காலி தரையில் இழுபடும் சத்தம். உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து நல்லம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்கண்ணா, மிசினு ஓடலீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் எதுக்கு எல்லாரும் இருட்டுல குந்தியிருக்கோம்?"

"தொரைக்குக் கண்ணு பழகோணும். அதுக்குத்தான் உக்காந்திருக்காரு."

"யாருக்காவ?"

"உனக்காவத்தான்."

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. "தோட்டத்துல பேரு கூப்புடறப்ப ஒரு நிமிசம் பிந்துனா, அன்னைக்குப் பூரா ஏச்சுத்தானுங்க" என்றாள். "எனக்காவ ஒரு தொரை காத்திருக்காரா?"

அவள் என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

"இன்னும் எத்தனை நிமிடம்?" என்றார்.

"பதினொன்று, சார்."

"எனக்கு அவசரமில்லை என்று அவளிடம் சொல்."

சொன்னேன். நேரமானதும் அவளை எழுப்பி நிறுத்தி, கைப்பிடியைப் பழைய அளவில் பாதியில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். திரை மங்கலாகப் பச்சை பூத்தது. கூட்டச் சொல்வார் என்று காத்திருந்தேன். விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர், நான் பத்து எண்ணி முடிப்பதற்குள் "போதும், நிறுத்து" என்றார்.

மூன்று வாரம் கழித்து, துரையின் மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று வைத்தியம் தொடர, மற்றது கப்பலுக்கு. வெள்ளையன் வாசலில் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். நர்ஸ் நல்லம்மாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். நான் சுவரைப் பார்த்து நின்றேன். பிறகு நர்ஸ் திரைக்கு வெளியே தலையை நீட்டி, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சிவந்திருந்தது எந்தப் பக்கம் என்று சொன்னீர்கள்?"

இடது என்று சொல்ல வாயைத் திறந்தேன். துரை அதற்குள் கப்பல் காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, மற்றதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.